யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவையில் நீ

உன் தலையை யாரோ ஒருத்தியின் கழுத்தில் ஒட்டித் திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். காரியமெல்லாம் முடிந்துவிட்டது. கட்டியவர்களுக்கு அவிழ்க்க மட்டும் கை வரவில்லை. இன்று காலை டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த ஃப்ளெக்ஸின் முன்னால்தான் நின்றேன். வெயிலில் காய்ந்த ஃப்ளெக்ஸுக்கென்று ஒரு நாற்றம் உண்டே, பெயின்டும் ரப்பர் செருப்பும் கலந்த மாதிரி, அது மூக்கில் ஏறியது. உனக்கு அந்த நாற்றம் ஆகவே ஆகாது. வண்டியில் போகும்போதுகூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

அரக்கு நிறப் பட்டு. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஆரம். கோத்து வைத்த கைகளில் விரல் விரலாக மோதிரம். முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், உன் கன்னத்து மருவைக் காணோம். தலைக்குப் பின்னால் சூரியன், தோளுக்கு மேலே இரண்டு புறா. கீழே, உனக்காகக் கண்ணீர் வடிக்கிறவர்கள் வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். உன்னைவிட அவர்களுக்குத்தான் இடம் அதிகம். செத்தது யார் என்று வெளியூர்க்காரன் கேட்டால் விரலை நீட்டித்தான் காட்ட வேண்டும்.

நீ மெடிக்கல் ஷாப்பில் நின்றாய், நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தேன், இன்னும் அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளுக்கொரு பழைய கேமராவை மாட்டிக்கொண்டு உன் ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவோம். டவுனில் எங்கே பந்தல் போட்டாலும், எந்தச் சிலையைத் திறந்தாலும், எந்தச் சுவரில் படம் வரைந்தாலும் நாம் அங்கே இருந்தோம். ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. படம் எடுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவோம். உள்ளபடி சொன்னால், பாதி நேரம் எள்ளி நகையாடத்தான் போனோம். அதற்கு இந்த ஊர் நம்மை ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

ஒரு ரவுண்டானாவில் ஃபைபர் காளை வைத்தார்களே, நினைவிருக்கிறதா? வாடிவாசல் இல்லாத ஊரைத் தேடிப் பிடிக்க வேண்டிய மாவட்டம் இது. இங்கே வந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாலை ஆட்டுகிற பாவனையில் ஒரு காளை. நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "இத அடக்க வேணாம்டி, ரெண்டு பிஸ்கட்டப் போட்டாப் போதும்" என்றாய். பக்கத்தில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஓர் இதயத்தைப் போட்டு விளக்கெரியும் எழுத்துகள் வந்தன. ஊரை நேசிப்பதற்கு வரிசையில் நின்றார்கள் ஜனங்கள். நீ எழுத்தை எடுக்கவில்லை, வரிசையில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவர்களை எடுத்தாய்.

அந்தக் கல்யாண மண்டபத்துப் புகைப்படப் போட்டிக் கண்காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அமைப்பின் பெயர் எதற்கு, எல்லாம் ஒரே கும்பல்தான். பொக்கைவாய்ப் பெரியவர், குளத்தில் குதிக்கும் பிள்ளைகள், கோபுரத்துக்குப் பின்னால் சூரியன். திரும்பவும் பொக்கைவாய்ப் பெரியவர். "இந்தப் பெரியவர எத்தன பேருதான்டி எடுப்பாய்ங்க? பாவம், அவருக்கு வேற சோலி இல்லையா?" என்று நீ சத்தமாகவே கேட்டாய். உன் படத்தைக் கழிவறைக்குப் போகிற நடையில் மாட்டியிருந்தார்கள். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில், வியாபாரம் முடிந்து, காலிச் சாக்கின் மேல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் ஒரு வியாபாரி. அதற்குக் கீழே 'மகளிர் பிரிவு' என்று ஓர் அட்டை. ஆறுதல் பரிசாக ஹாட் பாக்ஸ் ஒன்றைக் கையில் திணித்தார்கள்.

நடுவர் உன்னைத் தனியே கூப்பிட்டு, "மேடம், அந்த வாய மட்டும் கொஞ்சம் எடிட் பண்ணி மூடிருந்தீங்கன்னா முதல் பரிசே குடுத்துருக்கலாம்" என்றார். நீ அவரை மேலும் கீழும் பார்த்தாய். "அவரு தூங்குறாருங்க. வாய மூடிட்டா அந்த ஈ எங்கிட்டுப் போகும்?" என்றாய். அந்த மனிதர் உண்மையாகவே ஈயைத் தேடிப் படத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்தார். நாம் ஹாட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியில் ஏற முடியாமல் சிரித்தோம்.

யார் முகத்திலும் நீ கை வைத்ததில்லை. வடு, மரு, தெற்றுப்பல், தூக்கம் கெட்ட கண், இருந்தது இருந்தபடி. "இருக்குற மூஞ்சிதான்டி மூஞ்சி" என்பாய். நமக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, நீ ஒன்றும் லேசான ஆள் இல்லை, அகம்பாவம் பிடித்தவள். இந்த ஒன்றில் மட்டும் உன்னிடம் நான் வாதாடியதே கிடையாது.

உன்னை எடுப்பதுதான் கஷ்டம். எப்போதும் கேமரா உன் மூஞ்சியை மறைத்துக்கொண்டிருக்கும். என்னிடம் இருக்கும் உன் படங்களில் எல்லாம் ஒரு லென்ஸ், இரண்டு முழங்கை, உன் வீட்டுக்காரரின் பழைய கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. புடவைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டுதான் நீ வெளியே வருவாய். வெயிலுக்கும் ஆயிற்று, லென்ஸ் மூடியைப் போட்டுக்கொள்ளப் பையும் ஆயிற்று. கண்காட்சிக்கு வரும் பெண்கள் உன்னைக் கட்டட வேலைக்கு வந்தவள் என்று நினைத்துத் தள்ளி நிற்பார்கள். நீ வேண்டுமென்றே அவர்களை உரசிக்கொண்டு போவாய்.

மணமேல்குடிக் கடற்கரையில்தான் மாட்டினாய். கடற்பசுவைக் காப்பாற்ற விழிப்புணர்வு விழா. எங்கிருந்தோ ஆள் கூட்டி வந்து மணலில் ஒரு கடற்பசு செய்திருந்தார்கள். கண் வைத்த சுரைக்காய். நம் பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற அம்மா, "ஏங்க, இதான் கடப்பசுவா? எங்க வீட்டுக்காரரு தண்ணியப் போட்டுட்டுப் பாத்தாக்கூட இப்புடித் தெரியாதுங்க" என்றார். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்தவருக்குப் பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்குப் பொன்னாடை, மைக் பிடித்தவருக்கும் ஒன்று. அதற்குள் வெயிலில் மணல் காய்ந்து, அவர் ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோலைத் தூக்கிய நேரம் பார்த்துக் கடற்பசுவின் தலை பொலபொலவென்று கொட்டிப் போயிற்று. மைக் பிடித்தவர் அசரவே இல்லை. "இந்த அற்புதமான சிற்பத்தை..." என்று தொடர்ந்தார்.

அப்போதுதான் நீ கேமராவைக் கீழே இறக்கினாய். ஒரு கண்ணை இடுக்கி, உதட்டை ஒரு பக்கம் கோணி, பல் தெரிய, அந்தத் தலையில்லாத சுரைக்காயைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாய். அத்தனை பொன்னாடைகளும் சேர்ந்து அந்த ஒரு சிரிப்புக்குப் பெறாது. முடியெல்லாம் காற்றில் பறந்தது. சட்டைக் கழுத்து கிழிந்து நின்றது. எடுத்துவிட்டேன். வேறு எந்தப் படத்திலும் உன் முழு முகம் என்னிடம் இல்லை.

பிறகு, சாதாரணக் காய்ச்சல்தான் என்று நீயே மாத்திரை போட்டுக்கொண்டு கிடந்தாய். மெடிக்கல் ஷாப்பில் நின்றால் டாக்டராகிவிட முடியுமா? முட்டாள். இதை உன் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல முடியாமல் போனதில்தான் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

உன்னைத் தூக்குவதற்கு முன்பே ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. இந்த ஊரில் ஆம்புலன்ஸ் தாமதமாகலாம், ஃப்ளெக்ஸ் ஆகாது. அடியில் ஒரு வரி: பதினாறாம் நாள் படத்திறப்பு. தெருவில் தொங்குவது நாலு மாதத்தில் கிழிந்து யார் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்கோ கூரையாகப் போய்விடும். சட்டம் போட்டு மாட்டுகிற படம் அப்படியில்லை. உன் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் அப்பத்தா என்று கும்பிடப் போகிறார்கள். அந்தப் பட்டுப்புடவைக்காரியைக் கும்பிட விடக் கூடாது என்று முடிவு செய்து, கடற்கரைப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

உன் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்று ஆரம்பித்தார். உன் நாத்தனார் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏம்மா, ஒங்க ஆவூருப் பக்கம், சர்ச்சுக்குப் போறவுக எப்புடியோ, எங்கள்ல இப்புடிப் பல்லக் காட்டுற படத்தச் சாமி ரூமுல மாட்ட மாட்டோம். அதுவும் ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு. புருசன்காரன் ஒரு நல்ல சேல எடுத்துக் குடுக்கலையான்னு நாலு பேரு கேக்க மாட்டாக?"

உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக நின்று கூட்டத்தை அதட்டியவர், அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்டூடியோவுக்கும் போய்ப் பார்த்தேன். அந்த ஆள் கம்ப்யூட்டரில் புடவைகளை வரிசையாகத் திறந்து காட்டினான். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள். எல்லாம் தலையில்லாத உடம்புகள். அடுத்த தெருவில் போன மாதம் செத்த டீச்சருக்கும் உன் உடம்புதான், அதே ஆரம், அதே மோதிரம். என் படத்தைப் பார்த்துவிட்டு அவன் உற்சாகமாகிவிட்டான். "சூப்பர்க்கா. மூஞ்சி செம கிளியரா இருக்கு. சட்டையத் தூக்கிட்டுப் பட்டுப் போட்டுவிட்டுர்றேன். அந்த வாய மூடி, இடுக்குன கண்ணத் தொறந்துட்டா மகாலட்சுமி மாதிரி இருப்பாங்க." நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் வந்தது. பந்தலில் ஒரு பிரமுகர் திரையை விலக்கினார். உன்னை அவர் உயிரோடு பார்த்ததே கிடையாது. "அடக்கமே உருவான குடும்பத் தலைவி" என்றார். நீ! அடக்கம்! கை தட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை, சிலர் தட்டினார்கள். மெடிக்கல் ஷாப்பில் உன்னோடு நின்ற பெண் என் காதருகே வந்து, படத்தைக் காட்டி, "இவுக யாருக்கா, அவுக அக்காவா?" என்று கேட்டாள். உன் வீட்டுக்காரர் மாலை போட்டார். அழவில்லை. இலையில் உட்காராமல் நான் கிளம்பி வந்துவிட்டேன். தோற்றுவிட்டோம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், போதுமா?

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "அக்கா ஊருக்குப் போயிட்டாக தங்கச்சி. அந்தப் படம் இன்னம் இருக்கா?" என்று கேட்டார். அதற்காகத்தான் இன்று காலை திருக்கோகர்ணத்தில் இறங்கினேன்.

ஹாலில் பட்டுப்புடவைக்காரி சீரியல் பல்பு போட்டுக்கொண்டு வீற்றிருந்தாள். உன் வீட்டுக்காரர் அவளைக் காட்டினார்.

"காரியம் முடிஞ்ச நாள்லேர்ந்து இதும் முன்னாடி உக்காந்து பாக்குறேன் தங்கச்சி. அழுகையே வர மாட்டேங்குது. யாரோ ஒரு பொம்பள வீட்டுக்கு வந்து உக்காந்துருக்க மாதிரி இருக்கு. இந்தச் சேலைய நான் எடுத்துக் குடுக்கலையே." என் கையிலிருந்த படத்தை வாங்கினார். "இந்தச் சட்ட என்னது. கழுத்து கிழிஞ்சிருச்சு, தூரப் போடுன்னேன். எனக்கு வேணும்னு வாங்கிக்கிட்டா."

மாலை போட்ட படத்தைக் கழற்றக் கூடாதாம், ஆகாதாம். அதனால் அவளை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஆணி அடித்தார். ஆணி கோணலாக இறங்கியது. ஏறி நின்று உன்னை மாட்டிவிட்டு, கீழே இறங்கிச் சற்றுத் தள்ளி வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நீ ஒரு கண்ணை இடுக்கி, உதட்டைக் கோணி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் பார்வை நேராகப் பக்கத்துப் படத்தின் மேல் விழுந்தது, அவளுடைய ஆரத்தின் மேல், மோதிரங்களின் மேல்.

"யாரப் பாத்து தங்கச்சி இப்புடிச் சிரிக்கிறா?" என்றார்.

"அன்னிக்குக் கடப்பசுவப் பாத்துச் சிரிச்சாண்ணே. இப்ப இந்த அம்மாவப் பாத்து."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்து, ஏங்கி ஏங்கி அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு அவரைத் தேற்றாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஏதோ பெயின்டிங் கண்காட்சியாம். மட்டமாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். நீ கொடுத்துவிட்டுப் போன வாய் இருக்கிறது, ஒன்றையும் சும்மா விட மாட்டேன். சொல்லிவிட்டு, கேட்டுச் சிரிக்க நீ நிற்கிறாயா என்று திரும்பிப் பார்ப்பேனே, அதற்குத்தான்டி என்ன செய்வதென்று தெரியவில்லை.