பாறையின் உயரம் காட்ட ஒரு பணியாள்

என் பாசமுள்ள அண்ணா,

இன்று காலை தேநீர்கூடக் குடிக்காமல் நான் முதலில் செய்தது, எஸ்-பான் ரயில் பிடித்து அருங்காட்சியகத்துக்கு ஓடியதுதான். சனிக்கிழமை திறக்கப்போகும் கண்காட்சியில் நாம் எழுதிக் கொடுத்த விளக்கப் பலகையை மாட்டிவிட்டார்களாம். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வேலை முடிந்த மாலைகளில் எத்தனை வருடம் அந்த ஜெர்மன் நிலவியலாளரின் வரலாற்றோடு வாழ்ந்தீர்கள்! எல்பே ஆற்றங்கரையில் பிறந்து, சுரங்கங்களில் கல்லைப் படித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆபிரிக்க ஆறொன்றின் மூலத்தைத் தேடிப் போனவர். காய்ச்சலில் நினைவிழந்த அவரை முதுகில் சுமந்து அருவிகளைக் கடந்தவர் படகோட்டி மலேங்கா. அந்த ஆய்வாளரே தன் புத்தகத்தில் மலேங்காவைப் பெயர் சொல்லித்தான் எழுதினார். நீங்கள் எழுதியதிலும் அவர் இருந்தார். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு நான் எழுதி முடித்ததிலும் இருந்தார்.

பலகையில் அந்தப் பெயர் இல்லை. அவர் நிற்கும் படம் மட்டும் இருக்கிறது. கீழே, "பாறையின் உயரம் காட்ட ஒரு பணியாள்." அதற்கும் கீழே, எழுதியவர்கள் என்று உங்கள் பெயரும் என் பெயரும்.

நிலவியல் படித்த நீங்கள் அந்தப் படத்தை முதன்முதலில் எனக்குக் காட்டியபோது சொன்னீர்களே: "நாங்கள் கல்லைப் படம் எடுக்கேக்க அளவு தெரியச் சுத்தியலை வைப்பம். உவை மனுசனை வைச்சிருக்கினம், பாரடி." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். கண் சிரிக்கவில்லை.

மலேங்காவின் பெயர் எங்கே என்று கண்காட்சிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "இடமில்லை. ஆய்வாளரின் வாழ்க்கைதானே பொருள்?" என்றார். சுமந்தவர் இல்லாவிட்டால் அந்த வாழ்க்கை ஆற்றோடு போயிருக்குமே! ஆய்வாளர் அங்கே ஓர் அருவிக்குச் சூட்டிய அரசரின் பெயருக்கு மட்டும் பலகையில் எப்படி இடம் வந்தது? "நீங்கள் இதைச் சொந்த விஷயமாக எடுக்கிறீர்கள்," என்றார். ஏன் எடுக்கக்கூடாது?

வெளியே வந்ததும் அண்ணியின் தொலைபேசி. "ஹனோவரில இருந்து சித்தப்பா ஆக்கள் எல்லாரும் வாறினம். உம்மட அண்ணையைக் கல்லுப் பைத்தியம் எண்டு நக்கலடிச்ச ஆக்கள். இப்ப வந்து சுவரில பேரைப் பாக்கட்டும்! பலகை வடிவா இருக்கோ?"

"ஓம் அண்ணி," என்றேன். வேறென்ன சொல்ல?

நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பலகைக்கு முன்னால் எத்தனை நிமிடம் பொறுத்திருப்பீர்கள்?

அண்ணா, மலேங்காவின் பெயர் ஏறாத இடத்தில் உங்கள் பெயர் நிற்காது. நாளை போய் நம் இருவர் பெயரையும் எடுக்கச் சொல்லப்போகிறேன். அண்ணி அழுவார். கொஞ்ச நாள் என்னோடு பேசவும் மாட்டார். சனிக்கிழமை அந்தச் சொந்தக்காரர் முன் அவரைத் தனியே நிற்க விடமாட்டேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. ஆனால் அவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

உங்கள் தங்கை,
வதனி