விரல் நமக்கே இருக்கிறது என்று எழுதியவனுக்கு

தபுவாக்கியா,
ஞாயிறு, கோயில் முடிந்து

அன்புள்ள தனியேரா,

இங்கே எல்லோரும் உடம்பில் குறையில்லாமலும் வாயில் குறையில்லாமலும் இருக்கிறோம். நீயும் ஆக்லாந்தில் அப்படியே இருப்பாய் என்று உன் திட்டத்தைப் படித்ததிலிருந்து தெரிகிறது. மழை போதுமான அளவு பெய்தது, தொட்டி நிரம்பிவிட்டது. என் இடது முழங்கால் மட்டும் பழையபடி படியேற மறுக்கிறது. நம் வீட்டில் படி இல்லாததால் பெரிய இழப்பில்லை.

நீயும் உன்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரும் ஜூலையில் இக்காரி மீன் பிடிக்க வருவதற்காகத் தயாரித்த பதினோரு பக்கத் திட்டத்தை உன் அக்கா தெபோரா அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தாள். இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. உனக்கு நான் வகுப்பெடுத்த மூன்று வருடத்தில் நீ இதில் பாதி நீளத்துக்குக்கூட ஒன்றும் எழுதியதில்லை, அந்த அளவில் பெருமைதான். நாலாம் பக்கத்தில் என் வீடு 'இலவசத் தங்குமிடம், சமையலுடன்' என்று இருக்கிறது. அந்தச் சமையல் நான்தான் என்று புரிந்துகொண்டேன். கழிப்பறைக்கு 'அடிப்படை வசதி' என்று போட்டிருக்கிறாய். அந்த அடிப்படையில்தான் உன்னைப் பதினெட்டு வயதுவரை வளர்த்தோம். ஆறாம் பக்கத்தில் நாற்பது பொட்டலம் தூள் சூப் வருகிறது. சுற்றிலும் மீன் இருக்கிற ஊருக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள் தூளைக் கரைத்துக் குடிப்பதை அக்கம்பக்கத்தார் பார்த்தால் நான் உங்களைப் பட்டினி போடுகிறேன் என்று நினைப்பார்கள். தயவுசெய்து உள்ளே உட்கார்ந்து குடியுங்கள்.

பிடித்த இக்காரியைக் கையில் ஏந்திப் படம் எடுத்து, ஒரு முத்தமும் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவீர்களாம். சோற்றை மென்று பார்த்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைக்கிறவனை உன் அப்பா பந்தியிலிருந்து எழுப்பியிருப்பார். ஆனால் அதற்காக உன்னை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். உன் அத்தான் யோதேபாவும் பதினோரு வருடமாக வெள்ளைக்காரர்களை மணல்திட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய் அதையேதான் செய்ய வைக்கிறான். அதைப் பார்த்துச் சிரிக்காமல் நிற்பதும் அவன் வேலையில் சேர்த்தி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தனக்கென்று பிடித்ததைச் சுட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பான். அந்த வேலையில்தான் என் மகளும் அவள் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

இனி இரண்டாம் பக்கம். அங்கே 'கைடு' என்பதை எழுதி அடித்திருக்கிறாய். அடித்ததோடு நிறுத்தியிருந்தால் நம் வீட்டுக்குள் முடிந்திருக்கும். நீ அந்தத் திட்டத்தை மீன்பிடிக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் உன் முழுப் பெயரோடு போட்டிருக்கிறாய், ஊர்க்காரன் சொல்கிறேன் என்ற முன்னுரையோடு. அதில் ஒரு வரி: அந்தத் தீவில் கைடு என்றால் தண்ணீரில் நம் பக்கத்தில் நின்று விரல் நீட்டும் ஆள், விரல் நமக்கே இருக்கிறது. நல்ல வாக்கியம். சுருக்கமாக இருக்கிறது, நினைவில் நிற்கிறது. ஹவாயிலிருந்து ஆறு வருடமாக ஜூலையில் இரண்டு வாரம் யோதேபாவோடு நடக்கும் நான்கு பேர் நினைவிலும் நின்றிருக்கிறது. இந்த முறை தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், அவன் மைத்துனனான நீ எழுதியது மிகவும் உதவியாக இருந்ததாகவும் அவனுக்கே கடிதம் போட்டிருக்கிறார்கள். நன்றி என்றும் முடித்திருக்கிறார்கள்.

அதையும் உன் வரியையும் தெபோரா சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தாள். நானும் அங்கே இருந்தேன். யோதேபா தலையைத் தூக்கவில்லை. கையில் இருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டே, "விரல் இருக்கு, சரிதான். கண்ணு இருக்கான்னு கேட்டு எழுது" என்றான். நீ ஒருமுறை அவனோடு போயிருக்கிறாய். அவன் காட்டும்வரை உனக்கு ஒரு மீன்கூடத் தெரியவில்லை, காட்டிய பிறகும் அதன் நிழலைத்தான் மீன் என்று நினைத்தாய். தெபோராதான் கொதித்தாள். "அவனுக்குத் தலை துவட்டி விட்ட கை இது. இனிமே அவன் என் வீட்டு வாசப்படி மிதிச்சா நான் பின்வாசல் வழியாப் போயிடுவேன், பார்த்துக்கோம்மா" என்றாள். அவள் வீட்டுக்குப் பின்வாசல் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லும் நேரமில்லை அது.

இப்போது ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன். 'படகு எஞ்சின்: கப்பலில் முன்கூட்டியே அனுப்பப்பட்டு அம்மாவிடம் பாதுகாப்பாக உள்ளது.' கப்பல் வந்தது, பெட்டி வந்தது, உன் பெயர் பெரிதாக எழுதியிருந்தது, இறக்கி வைக்க ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் விலை கேட்டார்கள். ஒன்பது வருடத்தில் நீ மறந்த எல்லாவற்றிலும் இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு மாதம் முன்னதாக ஒரு புது எஞ்சினை இந்த ஊருக்கு அனுப்பிவிட்டு அது வைத்த இடத்தில் இருக்கும் என்று எண்ணுகிறவன் இங்கே பிறந்தவன்தானா. சொந்தக்காரர் ஒருவர் பாயில் உட்கார்ந்து, புபுதி என்று சொல்லி ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. கேட்டபின் கொடுக்காதவர்களின் பெயரை மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். உன் அப்பாவின் சைக்கிள் எப்படிப் போனது, என் தையல் மிஷின் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும்.

நாலாம் நாள் காலையில் யோதேபா வந்தான். வெளுத்த சட்டை போட்டிருந்தான். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காற்றைப் பற்றிப் பேசினான், என் முழங்காலைப் பற்றிக் கேட்டான். பிறகு, "அத்தே, புபுதி. அந்த எஞ்சின்" என்றான். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் என்னிடம் ஒரு தேங்காய்கூடக் கேட்காதவன். எடுத்துக்கோ என்றேன். இப்போது அது அவன் படகில் இருக்கிறது. உன் அப்பாவின் படகு உனக்காகக் காத்திருக்கிறது, நிழலுக்கு உட்கார வசதியாக இருக்கும். காயலின் அந்தக் கோடியில் இருக்கும் திட்டுகளுக்கு நீங்கள் நான்கு பேரும் உன் திட்டத்தில் ஒட்டியிருக்கும், வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து போகலாம். கடல் ஏற்றம் இடுப்புக்கு வரும்போது படமும் நனையும்.

ஆகவே நான் சொல்கிறதைச் செய். அந்த வரியை எடு. எடுத்த இடத்தில், தவறாக எழுதினேன் என்று அதே பெயரில் எழுது. ஹவாய்க்காரர்களுக்கு நீயே கடிதம் போடு, அவர்கள் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் சரி. பிறகு உன் அத்தானிடம், எங்களைக் கூட்டிப்போவீர்களா என்று மரியாதையாகக் கேள், மற்றவர்கள் என்ன கொடுப்பார்களோ அதைக் கொடு. இதைப் படிக்கும்போதே உனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கும், நான் உன் அம்மா. நீயும் பாயில் உட்கார்ந்து புபுதி என்று சொல்லி அவனையே கேட்டால், அவனும் மறுக்க முடியாமல் சும்மா வந்துவிடுவான். அப்படி ஒன்று நடந்தால் நான்காம் பக்கத்திலிருந்து சமையலை அடித்துவிடு.

நேற்று அவன் கள் இறக்கிக்கொண்டு வந்தான். போகும்போது வாசலில் நின்று, "அத்தே, அந்த மூணு பேருக்கும் கால் அளவு என்னன்னு கேட்டு வையுங்க. இங்க பவளம் கிழிச்சா லேசுல ஆறாது. என்கிட்ட பழைய ஷூ இருக்கு" என்றான். கிழியட்டும் என்றேன். "புதுசா வர்றவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்" என்றான். உன் பதினோரு பக்கமும் சேர்ந்து தராத எரிச்சல் எனக்கு அப்போது வந்தது. ஒரு மனிதன் இந்த அளவுக்கு நல்லவனாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே போய் நிற்பது.

கர்த்தர் உன்னைக் குளிரிலிருந்தும் உன் கெட்டிக்காரத்தனத்திலிருந்தும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. அக்காவுக்குத் தனியாக எழுது, என் கடிதத்தோடு சேர்த்து எழுதாதே. புதன்கிழமை விமானத்தில் மூன்று பேரின் கால் அளவும் வந்து சேர வேண்டும். உன்னுடையதை அவன் கேட்கவில்லை, தனக்குத் தெரியும் என்றான்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா