கண்ணாடிக் கடையில் ஒரு போணி

மதினி,

இன்று நம் கடைக்கு வந்த ஒரு பெண் துப்பட்டாவை உதறினாள். சென்னையில் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் நம் முகத்தில் அடித்ததே, அதே வாசம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று அவள் முறைக்க, வியாபாரம் கெடக்கூடாதே என்று உங்கள் கதையைச் சொல்லிச் சமாளித்தேன்.

தீபாவளிச் சரக்கெடுக்கப் போயிருந்தோம். மூட்டையை முதல் நாளே லாரியில் போட்டாயிற்று. கீரனூருக்குத் திரும்ப ராத்திரிதான் பஸ். "பணக்காரங்க சேலை எடுக்குற தெரு ஒண்ணு இருக்காமே. எப்புடி அடுக்கிருக்காங்கன்னு பாத்துட்டு வருவோம்" என்றீர்கள்.

அந்தத் தெருவில் பொம்மைக்குக்கூட ஏசி. நாம் நுழைந்த கடையில் பேருக்கு நாலைந்து சேலைதான் தொங்கியது. "சரக்கு இன்னும் வந்து எறங்கலையோ?" என்று என் காதைக் கடித்தீர்கள். விற்பனைப் பெண் நம்மைச் சோபாவில் உட்கார வைத்துச் சேலையை விரித்தாள். விலைச்சீட்டைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். நீங்கள் எழவில்லை.

"ஏத்தா, போணி ஆச்சா?"

"இல்ல மேம், நீங்கதான் ஃபர்ஸ்ட். பரவால்ல, சும்மா பாத்துட்டுப் போங்க."

உங்களுக்கு முகம் வெளிறிவிட்டது. காலையில் முதலில் வருகிறவர் வெறுங்கையோடு போனால் பொழுது சாயும்வரை புலம்புகிற ஆள் நீங்கள். அந்தச் சேலையை வாங்கவும் வழியில்லை, கிளம்பவும் மனசில்லை.

"நாம போனா இந்தக் கடை இடிஞ்சிறாது மதினி, வாங்க."

"கடைக்கு என்னடி? இந்தப் புள்ளைக்குல்ல மொதலாளிகிட்டப் பேச்சு விழும். வேற ஆளு போணி பண்ணட்டும். அதுவரைக்கும் நாம பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

பார்த்துக்கொண்டே இருந்தோம். காபி வந்தது. மறுபடியும் காபி வந்தது. செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒருவழியாக ஒரு அம்மா கணவரோடு வந்தார். ஊதாவா மஞ்சளா என்று கண்ணாடி முன் வெகுநேரம் நின்றுவிட்டு, எதுவும் வேண்டாமென்று கைப்பையை மாட்டினார். சோபாவிலிருந்து நீங்கள் எழுந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"ஒங்க நெறத்துக்கு ஊதாதான்த்தா. மஞ்சளத்தான் ஊரே கட்டுதே. ஐயா, நீங்களே சொல்லுங்க, மகாலெச்சுமி மாரி இல்ல?"

அந்த ஐயா வேறென்ன சொல்ல முடியும்? கார்டைத் தேய்த்தார். நம் கடையில் நைட்டிக்குச் சொல்கிற அதே வசனம்! விற்பனைப் பெண் உங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இப்ப வாடி" என்று ராணி மாதிரி வெளியே நடந்தீர்கள்.

எனக்குப் போணியில் நம்பிக்கை கிடையாது. சரக்கு நன்றாக இருந்தால் விற்கும். ஆனாலும் இப்போது எந்தக் கடைக்குப் போனாலும், "போணி ஆயிருச்சா?" என்று கேட்காமல் கால் உள்ளே போக மறுக்கிறது. உங்களை எடுத்த அன்று விடிகாலையில் மாலை வாங்கப் போனேன். பூக்காரர் அப்போதுதான் கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கேட்ட விலையை அப்படியே கொடுத்தேன். மாலையைப் போடும்போது எனக்கு ஒரே பயம். "போணி பண்றதுன்னா பேரமே பேசாம வாங்கியாந்துருவியாக்கும்?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவீர்களோ என்று.

எழுந்து திட்டியிருக்கலாம், மதினி.