என்னோடு படத்துக்கு நிற்காத காளை

டிசம்பர் 27
ஜல்லிக்கட்டு விண்ணப்பத்தில் புது விதி: உரிமையாளர் காளையைத் தொட்டபடி நிற்கும் புகைப்படம் வேண்டுமாம். நான்கு வருடமாகத் தீனி வாங்கிப் போடுகிறவன் நான். உரிமையோடு தொட்டேன். வைக்கோல் போரில் ஏறியும் தப்ப முடியவில்லை. முழங்காலில் நான்கு தையல்.

டிசம்பர் 29
என் அலறலைக் காளையின் அலறல் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மிருகவதைப் புகார் கொடுத்துவிட்டார். அதிகாரி வந்து பார்த்தார். காளை நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.
"மாட்டுக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்கு நடந்தது எங்க சட்டத்துல வராது."

டிசம்பர் 30
மனைவி போய் நின்றாள். அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறது, துரோகி! ஆகவே உரிமையாளர் அவள். எனக்கு 'உதவியாளர்' என்று ஒரு கட்டம்.
"அந்தக் காலத்துல காளையத் தழுவினவனுக்குத்தான் பொண்ணு குடுப்பாங்களாம். உங்களுக்கு எப்படிங்க குடுத்தாங்க?" என்றாள்.
நான் பேப்பர் படித்தேன்.

டிசம்பர் 31
மைக்கில் என் பெயரைச் சொல்லி ஒரு காளை இறங்க வேண்டும் — நான் கேட்டது அவ்வளவுதானே? மச்சானின் மாடு வருஷா வருஷம் பிடிபடுகிறது. அவர் பெயரைக்கூட மைக்கில் சொல்கிறார்கள்!

ஜனவரி 8
மருத்துவப் பரிசோதனை. கால்நடை டாக்டர் நான் நொண்டுவதைப் பார்த்தார்.
"காளைக்குச் சான்று குடுத்திடலாம். உங்களுக்குத்தான் குடுக்க முடியாது."

ஜனவரி 17
வாடிவாசலில் காளை படுத்துவிட்டது. வாலைத் திருகக் கூடாது, கம்பால் குத்தக் கூடாது — சட்டம். அதிகாரி விதிகளைப் புரட்டினார். கூப்பிடக் கூடாது என்று மட்டும் எங்கும் இல்லை. மனைவியைத் திடலின் மறுமுனையில் நிறுத்தி மைக்கைக் கொடுத்தார்கள்.
"வாடா தங்கம், வீட்டுக்குப் போலாம்."
எழுந்தது. பாய்ந்து வந்திருந்தால் திமிலைப் பிடித்துத் தொங்கியிருப்பார்கள். இதுவோ ஆடி அசைந்து நடந்தது. நடந்து வரும் காளையை எப்படி அடக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பது வீரர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.
பிடிபடாத காளை! அவள் பெயரை மூன்று முறை சொன்னார்கள். பிறகு, "உரிமையாளரோட வீட்டுக்காரரும் மேடைக்கு வரலாம்."
நொண்டிக்கொண்டே ஓடினேன். படியில் ஒரு காவலர் மறித்தார்.
"நீங்க யாரு?"
"அந்தம்மாவோட வீட்டுக்காரர்" என்றேன். மைக்கே தேவைப்படவில்லை, அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.