போர் தண்ணீரில் நிற்காத கருப்பு

தாராவி,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் பரீஹாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நல்ல சுகம். அந்த ஸ்வீடன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுகம். போனில் சொன்னால் சரி உம்மா, சரி உம்மா என்றபடி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். உன் தமிழ் வாசிப்பு எனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை படி. வாப்பா மான்குர்த் வரை போய் யாரோ ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்தார், முழங்கால் குடித்ததைவிட லுங்கி குடித்ததுதான் அதிகம். இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று வீட்டை அளக்க நாலாவது தடவையாக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் நம் வீடு அரை அடி சின்னதாகிறது, இன்னும் இரண்டு தடவை வந்தால் நாங்கள் வெளியே நின்றுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது உன் படிப்பு விஷயம். நீ கொடுக்கப்போகிற ஆராய்ச்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் போன மாதம் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய் அல்லவா. பென்சில் கரியை உரித்து உரித்து எடுத்தால் கிராபீன் என்ற மெல்லிய ஏடு வரும், தண்ணீரில் போட்டால் ஏடுகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும், ஆனால் கொஞ்சம் புரதத்தைச் சேர்த்து மிக்சியில் அடித்தால் அது ஏட்டின்மேல் ஒட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று நெருங்கவிடாது, மற்ற கரிப்பொடிக்கும் இதே கதைதான் என்றாய். பெயிண்ட் கரைக்கிற தின்னர் வேண்டாம், சின்னப் பட்டறைக்கு ஒரு மிக்சியும் வெறும் தண்ணீரும் போதும் என்று எழுதியிருப்பதாகவும் சொன்னாய். அந்தப் புரதத்தை மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று நீ சொன்னதை மட்டும் நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் அதற்கும் நாலு பேர் கொடி பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். முட்டை வெள்ளையிலும் ஆகும் என்றாயே, அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால் என்கூட வேலை செய்கிற ஸ்மிதாவுக்காக. எங்கள் பட்டறை மேல்தட்டில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து தோல் பையின் ஓரத்துக்குக் கருப்புப் பூசுகிறோம் என்பது உனக்குத் தெரியும், கரிப்பொடியைத் தின்னரில் கலந்துதான் பூச வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒரு ஃபேன் இருக்கிறது, அது ஒருத்தி மூக்கிலிருந்து நாற்றத்தை எடுத்து அடுத்தவள் மூக்கில் வைக்கும். ஸ்மிதாவுக்கு இது ஐந்தாம் மாதம். தின்னர் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டாள். முதலாளி ஹனீப் பாயிடம் போய்ச் சொன்னால், அப்போ வீட்டுல இருக்கச் சொல்லு என்கிறார். வீட்டில் இருந்தால் சம்பளத்தை டாக்டரா கொடுப்பாள்? இந்தப் பையெல்லாம் கண்ணாடிக் கடையில் ஏசிக்குள் தொங்கும்போது இயற்கைத் தோல் என்று அட்டை மாட்டியிருப்பார்கள். பூசினவள் மூச்சைப் பற்றி ஒரு அட்டையும் கிடையாது.

பட்டறைக் கரிப்பொடியில் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் தடவை வெந்நீரில் முட்டையை ஊற்றித் தொலைத்தேன், மிக்சியில் கருப்பு ஆம்லெட். உன் வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, இதைத்தான் ராத்திரிக்குப் போடப்போறியா என்றார். இரண்டாம் தடவை பச்சைத் தண்ணீரில் அடித்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து பார்த்தேன். அடுத்த நாளும் மை மாதிரி அப்படியே நின்றது, தோல் துண்டில் பூசினால் நன்றாகவே பிடித்தது. அந்தத் தைரியத்தில் ஹனீப் பாயிடம் சவால் விட்டேன். என் கண்ணுக்கு முன்னால செஞ்சு காட்டு, நின்னா மாத்திடறேன் என்றார். மற்ற ஏழு பேரும் சுற்றி நிற்க, பட்டறை டிரம்மில் தண்ணீர் மொண்டு அதே மாதிரி அடித்தேன். அரை மணி நேரம்தான் மகளே. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சேறு. என்ன நஜ்மு, உம் மவ ஸ்வீடன் வரைக்கும் போனது கழனித்தண்ணி கலக்கப் படிக்கவா என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். ஸ்மிதா தின்னர் டப்பாவைத் திறந்தாள். அந்தக் கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவள் டப்பாவைத் திறந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கே பிசகு என்று சொன்னது உங்கள் பேராசிரியர் யாரும் இல்லை, பக்கத்தில் உட்காரும் செண்பகவல்லி. யக்கா, இது போர் தண்ணில்லா, இதுல பருப்பே வேவ மாட்டேங்கி, ஒங்க கருப்பு எப்படி நிக்கும் என்றாள். வீட்டில் நான் எடுத்தது காலையில் குழாயில் வருகிற தண்ணீர், பட்டறையில் எடுத்தது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். உப்பிருந்தால் ஏடுகள் மறுபடி கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்று நீயும் ஒரு நாள் சொன்னாய், நான்தான் காதில் வாங்கவில்லை. ஆனால் நீயும் அந்தக் கடைசிப் பக்கத்தில் அதை எழுதவில்லையே. உங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் வருவது உனக்கு வெறும் தண்ணீர். இங்கே காலையில் இரண்டு மணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீருக்குத்தான் பெண்கள் குடுமியைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதைக் கொண்டுபோய் யார் கருப்பு கலக்குவார்கள்?

நான்தான் கலக்குகிறேன். ஐந்து லிட்டர் கேனில் வீட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ஹனீப் பாய் முன்னால் மறுபடி அடித்தேன், சாயங்காலம்வரை நின்றது. அவர் இறங்கி வந்தது பாதி தூரம். ஸ்மிதா கீழே வாசல் பக்கம் உட்கார்ந்து உள்பைகளுக்கு மட்டும் இந்தக் கருப்பைப் பூசலாம், வெளி ஓரம் மழைக்கு நிற்குமா என்று தெரியாததால் அது பழையபடியே தின்னரில்தான். முட்டை மறுநாளே நாற ஆரம்பித்துவிடுகிறது, அதனால் தினமும் புதிதாகக் கலக்கிறேன். பத்து நாளாக ஸ்மிதாவுக்கு வாந்தி இல்லை. நேற்று மத்தியானம் என் டப்பாவிலிருந்து மீனை எடுத்துத் தின்றாள், கேட்கக்கூட இல்லை.

சமயத்துக்குச் சாப்பிடு, நோன்பு பிடிக்கிற நாட்களில் அந்த ஊர்ப் பகல் எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பிடி. உன் அறிவிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். புத்தகத்தைக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றாய். அதற்குள் உன் புட்டியில் உப்பைப் போட்டு அடித்துப் பார். நின்றால் எப்படி நின்றது என்று எனக்கு எழுது, நிற்காவிட்டால் நிற்கவில்லை என்று புத்தகத்தில் எழுது. என்னால் சுமக்க முடிவது ஒரு கேன். மேல்தட்டில் தின்னரோடு இன்னும் ஏழு பேர் இருக்கிறோம்.

உன் உம்மா,
நஜ்முன்னிசா