சில்லைச் சுற்றிய நூல்

மார்ச் 2, சனி
மருமகன் ஸஹீத் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் கல்முனைக்குப் போனவர், மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். பின் சில்லு மினுங்குகிறது, முன் சில்லு பழைய துருவோடு. மகள் ஆகிலாவின் வாப்பா கட்டாருக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போன சைக்கிள். நல்ல சில்லை விற்றுவிட்டு மலிவானதைப் பூட்டிவிட்டாரோ? கல்யாணமாகி மூன்று மாதம்தான். ஆளை எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மார்ச் 3
அவர் குளிக்கப் போன நேரம் சைக்கிளைக் கவிழ்த்தேன். தையல் நூலை முன் சில்லில் சுற்றி வெட்டினேன். அதே நூலைப் பின் சில்லில் சுற்றினால் ஒன்றரை அங்குலம் மிஞ்சுகிறது! பின் சில்லு சின்னன். பிடித்துவிட்டேன்.

உடனே அவருடைய உம்மாவுக்குப் போன் எடுத்தேன். "மைமூனா மச்சி, உங்கட மகன் சில்லை வித்துப்போட்டார்." திரும்பினால் வாசலில் மருமகன்.

"நான் ஒண்டும் விக்கல்ல மாமி. துருவைத்தான் தேய்ச்ச. முன் சில்லை நாளைக்குத் தேய்ப்பம் எண்டு விட்ட."

நூலைக் காட்டினேன். அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு, உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 5
ஆகிலா என்னோடு கதைப்பதில்லை.

மார்ச் 7, வியாழன்
பக்கத்து வீட்டு நிஹ்லாவுக்குச் சட்டை வெட்டினேன். வழக்கம்போல் தையலுக்கு ஒன்றரை அங்குலம் கூட விட்டு— கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நூலையும் இப்படித்தான் வெட்டினேனா? ஓடிப்போய் முன் சில்லில் சுற்றினேன். அங்கேயும் அதே ஒன்றரை மிஞ்சியது.

யா அல்லாஹ்! பச்சப் பிள்ளையக் கள்ளனாக்கிப் போட்டேனே! எந்த முகத்தோட இனி மைமூனா மச்சியப் பார்க்கிற?

மார்ச் 8
சாய்ந்தமருதுக்குப் போக வெட்கம். ரமழான் தொடங்கும் தலைநோன்புக்கு மருமகன் வீட்டில் இல்லையென்றால் தெருவே கேட்கும், அதுவும் வெட்கம். எனக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லிக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தேன். சீ.

மார்ச் 10, ஞாயிறு
போனேன். மச்சி இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே மருமகனிடம் நூலை நீட்டினேன். "தையலுக்கு விட்டு வெட்டின கைப்பழக்கம், மகன். பிழை என்னில. மாப்புச் செய்யுங்க."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ஓட்டோவில் அழுதேன்.

மார்ச் 12
முதல் நோன்பு. நோன்பு திறக்கக் கஞ்சி ஊற்றும்போது வாசல் படலைச் சத்தம். மருமகன்! அவருக்குக் கோப்பை நிறைய ஊற்றினேன்.

மார்ச் 29, வெள்ளி
மருமகனுக்குப் பெருநாள் சேர்ட். அவருடைய பழைய சேர்ட்டை வைத்து அளந்து கத்தரிக்கோலை எடுத்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"தையலுக்கு விட்டீங்களா மாமி?"

"ஓம் மகன்."

"விடுங்க, விடுங்க. துணிக்கு மட்டும் விட்டாக் காணும், சில்லுக்கு வேணாம்."

ஆகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. சுடட்டும்.