பதினேழாவது ரெஃபரன்ஸ்

"அதைப் போட்டது நான்" என்று அன்று நான் சொல்லவில்லை. மூன்றே சொற்கள். சார் மேசைக்கு முன்னால் நாம் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். சொல்வதற்கு வேண்டிய நேரம் இருந்தது.

இன்று மதியம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நம் மருத்துவ இதழின் மதிப்பைக் காட்டும் எண்ணான இம்பேக்ட் ஃபேக்டர் மறுபடி ஏறியிருக்கிறது. கை கழுவிய பிறகும் விரலில் வெண்ணிலா வாசனை போகவில்லை. உனக்கு எழுத வேண்டும்போல் இருந்தது. நீ இறந்து வருகிற தையோடு ஒரு வருடம் ஆகிறது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் டாக்டர்களின் கட்டுரைகளை அச்சுக்குச் சரிசெய்கிறோம். நான் சேர்ந்த வாரம் சார் ஒரு பட்டியலைக் கொடுத்தார். கடந்த இரண்டு வருடத்தில் நம் இதழில் வந்த கட்டுரைகள். ஒவ்வொரு புதுக் கட்டுரையிலும் அதிலிருந்து நான்கையாவது ரெஃபரன்ஸாக, அதாவது ஆதாரக் குறிப்பாக, சேர்க்க வேண்டும். அவை எத்தனை இடத்தில் ரெஃபரன்ஸாக வருகின்றன என்பதை வைத்துத்தான் இம்பேக்ட் ஃபேக்டர் ஏறும், இறங்கும். எழுதியவருக்கு மெயில் போகும். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். நான் விழித்ததைப் பார்த்து நீ மெதுவாகச் சொன்னாய்: "நமக்கு நம்மளே பேனர் வச்சிக்கினு, ஊரே வச்சிச்சின்னு சொல்றோம்டி. அவ்ளோதான் வேல."

சிரித்தேன். ஆனால் ஆறே மாதத்தில் உன்னைவிட வேகமாகிவிட்டேன். கட்டுரையைப் படிக்காமலே, எந்த வாக்கியத்தின் வாலில் ரெஃபரன்ஸ் எண்ணைத் தொங்கவிடலாம் என்று கண் தேடிக்கொள்ளும்.

உன் அக்காவின் நிச்சயத்துக்காக நீ மூன்று மணிக்கே மானாம்பதி பஸ்ஸைப் பிடித்த நாளில், பாதியில் நின்ற கட்டுரையை என்னிடம் விட்டாய். "என் மெஷின்லயே முட்ச்சிடு. லாகின் அப்டியே கீது." குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து பற்றிய கட்டுரை அது. இந்த அளவு குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்ற வாக்கியத்தில் பதினேழாவது எண்ணைப் போட்டேன். பட்டியலிலிருந்து அதற்கு எடுத்த கட்டுரையின் தலைப்பில் அதே மருந்தின் பெயர் இருந்தது; அது போதும் என்று நினைத்தேன். எழுதியவரிடமிருந்து பதில் வரவில்லை. அச்சாகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஒரு டாக்டர் எழுதிக் கேட்டார்: பதினேழாவது ஆய்வு முழுக்கப் பெரியவர்களிடம் செய்தது, குழந்தைகளுக்கு அது எப்படி ஆதாரமாகும்?

"உன் லாகின்தான் காட்டுது," என்றார் சார் உன்னிடம். "நாலு போடச் சொன்னா, எங்க போட்றதுன்னு பாக்க மாட்டியா? இன்னாம்மா நீ?"

நீ என் பக்கம் திரும்பவில்லை. "அவசரத்துல போட்டுட்டேன் சார்."

என் வேலை நிரந்தரமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. அதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

அன்று மாலையே உன்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உன் டிபன் பையை நான் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். "மூஞ்சத் தொங்கப் போடாத. எனுக்கு வாலாஜாபாத்ல மாமாவோட மெடிக்கல் ஷாப் கீது, கூப்ட்டுக்கினே கீறாரு. உனுக்கு இன்னா கீது?" என்றாய். என் ஊருக்குப் போகும் பெருநகர் பஸ் வந்தது. பையை உன்னிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

பின்னால் நீ இறந்தது சிறுநீரகக் கோளாறால். வேலை போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருப்பதுபோல் எழுதினால் அதுவும் பொருந்தாத ரெஃபரன்ஸ்தான். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். இப்போதெல்லாம் எதையும் திறந்து படிக்காமல் சேர்ப்பதில்லை. தாமதமாகிறது என்று சார் முணுமுணுக்கிறார். நான்கு மட்டும் இன்றும் நான்குதான்.

நீ வேலையை விட்டுப் போன மறுவாரம் இதழில் ஒரு திருத்தக் குறிப்பு வந்தது. ஆறு வரி. பதினேழாவது ரெஃபரன்ஸ் நீக்கப்படுகிறது, தவறுக்கு வருந்துகிறோம் என்றிருந்தது. அதன் கீழும் நம் இதழின் நான்கு கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னார் சார். சேர்த்தேன்.